நோட்டைத் திறந்தால் பாதிக் கடன் தீரும்



மதுரை கீழமாசி வீதியில் நாற்பது வருடமாகப் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். இந்த நாற்பது வருடத்தில் கடன் கொடுத்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன், கொடுத்தது திரும்பாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறை மளிகைக்காரரும் அவர் மனைவியும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய் கடனை நாலு வருடத்துக்குள் அடைத்தார்கள். அடைத்த விதம் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

கடன் வந்த வழி

அந்தத் தம்பி உழைப்பாளி. குடியோ சீட்டாட்டமோ கிடையாது. காலை ஐந்தரைக்குக் கடை திறப்பார். 2014இல் பக்கத்துக் கடையையும் பிடித்துப் பெரிதாக்கினார். மர அலமாரி, குளிர்பெட்டி என்று செலவானது. அடுத்த வருடம் மகள் கல்யாணம். தகுதிக்கு மேல் செய்தார். கல்லாவில் கிடப்பதெல்லாம் லாபம் என்ற நினைப்பில் வீட்டுச் செலவுக்குக் கை போட்டார். எடுத்ததை எழுதவில்லை. 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது வாடிக்கையாளர் பாக்கி அப்படியே நின்றுபோனது. அப்போதுதான் முதல் தண்டல் வாங்கினார். அதைக் கட்ட இரண்டாவது. இரண்டையும் கட்ட மூன்றாவது.

நான் இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். வழக்கமாக வாரம் இருபது டின் எண்ணெய் எடுப்பவர் திடீரென்று நாற்பது டின் எடுத்தார். அந்த ஊரில் அவ்வளவு எண்ணெய் விற்காது. கடனுக்கு எடுத்த சரக்கை அடக்கவிலைக்குக் கீழே தள்ளிக் காசாக்கித் தண்டல் கட்டுகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த வீதியில் இருப்பவர்களுக்கு இது தெரியாத வித்தையா? ஆனால் கம்பெனியின் மாத இலக்கு எனக்கு முடிய வேண்டும். 21 நாள் தவணை 60 நாளாக நீண்டும் சரக்கை ஏற்றிவிட்டேன். அவர் கடனில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்று சொல்கிறேன்.

ஒரு செக் திரும்பியது. வக்கீலிடம் கொடுத்தேன். பாங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கிடைத்த 15 நாளில் கட்டாவிட்டால் வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு நமக்கெல்லாம் மனப்பாடம்தானே. நோட்டீஸ் தட்டச்சாகித் தயாராக இருந்தது.

எண்பது பக்க நோட்டு

2018 கார்த்திகையில் ஒரு நாள் ஷட்டரை இறக்கப் போகும் நேரம். கணவன், மனைவி இருவரும் வந்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. அந்த அம்மாதான் ஓர் எண்பது பக்க நோட்டை என் மேசையில் வைத்தார்.

“அண்ணாச்சி, இவுக உங்ககிட்ட சொன்னது பாதிப் பொய். என்கிட்ட சொன்னது முழுப் பொய். இந்த நோட்டுல இருக்கிறதுதான் நெசம்” என்றார்.

“மூணு லட்சம் இருக்கும்” என்று மனைவியிடம் சொல்லி வந்திருக்கிறார். தண்டல்காரர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்ட அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மா அழுது தீர்த்துவிட்டு, மூன்று ராத்திரி கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பாக்கியாகச் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். எழுத்து குண்டு குண்டாக இருந்தது. கணக்கில் ஒரு பிழை இல்லை.

மொத்த வியாபாரிகள் மூன்று பேருக்கு 4,10,000. அதில் எனக்கு 1,85,000. மாதம் ஐந்து வட்டிக்கு வாங்கியது 3,00,000. நகைக் கடன் 2,20,000. எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டியது 5,000 வீதம் 30 தவணை, 1,50,000. தண்டல் மூன்றும் சேர்ந்து 90,000. தினம் கட்டுவது 1,200. உறவினர்களிடம் கைமாற்று 80,000. ஆக 12,50,000.

நான் அந்த நோட்டீஸை அனுப்பவில்லை.

வட்டிக் கணக்கு

ஐந்து வட்டிக்கு மூன்று லட்சம் என்றால் மாதம் 15,000 வட்டி. எண்ணெய், சர்க்கரை போன்ற ஓட்டச் சரக்கில் நூற்றுக்கு நாலு ரூபாய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 15,000 கிடைக்க 3,75,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். வாடகை, கரண்ட், பையன் சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு. அசல் அசையாது.

தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசல் திரும்பிப் போகிறது. சராசரியாக நம்மிடம் நிற்பது பாதிப் பணம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதம் பத்து வட்டியைத் தாண்டும். மளிகைக் கடை லாபத்தில் இதைக் கட்டி மீண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அடைத்த வழி

முதலில் நகை. மீட்கவே முடியாத நகைக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது வீண் என்று அந்த அம்மாவே முடிவு செய்தார். மீட்டு விற்றதில் பாங்கு அசலும் வட்டியும் போக 1,40,000 நின்றது. அதில் தண்டல் மூன்றையும் ஒரே நாளில் முடித்தார்கள். மீதி 50,000 ஐந்து வட்டிக்காரருக்கு. பழைய கார் ஒன்று வைத்திருந்தார். அதை விற்ற 1,60,000 ரூபாயும் அவருக்கே. அங்கே பாக்கி 90,000 ஆனது. மாத வட்டி 15,000 இருந்தது 4,500 ஆகிவிட்டது. தினம் கட்டிய 1,200 மிச்சம். ஒரு பைசா அதிகம் சம்பாதிக்காமலே மாதம் 46,500 ரூபாய் மூச்சு விடக் கிடைத்தது.

அந்த 90,000 தீர்ந்த அன்று புரோநோட்டையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வெற்றுச் செக்குகளையும் கையில் வாங்கிய பிறகுதான் அந்த அம்மா எழுந்திருக்கிறார். நம்மில் பலர் இதில்தான் ஏமாறுகிறோம்.

அடுத்து கடையின் கடன் நோட்டு. ஊருக்குள் 2,70,000 வெளியே நின்றது. கணவருக்குக் கேட்கக் கூச்சம். மனைவி சாயங்காலம் நாலு வீடு என்று ஏறி இறங்கினார். பாதிதான் வந்தது. அது போதும், ரொக்கத்துக்குச் சரக்கெடுக்க முதல் கிடைத்துவிட்டது.

என்னோடு செய்துகொண்ட ஏற்பாடு எளிது. புதுச் சரக்கு முழுக்க ரொக்கம். பழைய பாக்கிக்கு வாரம் 1,000 ரூபாய். இரண்டையும் கலக்கக் கூடாது. நான் வட்டியைத் தள்ளிவிட்டேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், வியாபாரக் கணக்குத்தான். அந்த மூன்றரை வருடத்தில் அவர்கள் ரொக்கத்துக்கு எடுத்த சரக்கில் எனக்கு நின்ற லாபம் தள்ளிய வட்டியைவிட அதிகம். மற்ற இரண்டு மொத்த வியாபாரிகளில் ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். இன்னொருவரிடம் நான் மூன்று முறை பேச வேண்டியிருந்தது. உறவினர்களிடம் “உங்களுக்குக் கடைசியில்தான் தருவோம், வட்டிக் கடன் முதலில்” என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டார்கள். மனத்தாங்கல் இருந்தது, ஆனால் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை.

கல்லாவில் அந்த அம்மா உட்கார்ந்தார். வீட்டுக்கு மாதம் 12,000. அதற்கு மேல் எடுப்பதில்லை. எடுத்தால் எழுத வேண்டும். 2020 ஊரடங்கில் மளிகைக் கடைகளுக்கு விலக்கு இருந்ததால் ஊர் ஜனமெல்லாம் அங்கேயே வாங்கியது. தண்டல் ஓடிக்கொண்டிருந்தால் அந்த லாபம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரக்கு லாரி வராத இரண்டு வாரம் தவணை நின்றது. அதையும் முதல் நாளே போனில் சொன்னார்கள்.

2022 ஆகஸ்டில் கடைசி ஆயிரத்தை இருவரும் சேர்ந்து கொண்டு வந்தார்கள். என் பேரேட்டில் கோடு போட்டு ‘கணக்கு நேர்’ என்று எழுதினேன். அந்த அம்மா அதே எண்பது பக்க நோட்டை நீட்டி, “இதுலயும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி” என்றார். அந்தத் தம்பி அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இன்னொருவர்

அதே வருடங்களில் இன்னொரு கடைக்காரர் எனக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் தர வேண்டியிருந்தது. அவருக்கு நான் பேசாமல் கொள்ளாமல் நோட்டீஸ் அனுப்பினேன். ஒரு ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். அவர் மனைவிக்கு எந்தக் கடனும் தெரியாது. கடன்காரர்கள் வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. எனக்குப் பணமும் வரவில்லை, ஆளும் இல்லை. அவர் என்னிடம் வந்து உண்மையைச் சொல்லும்படி நான் நடந்துகொண்டேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கணவன், மனைவி, இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் தீக்கிரையானதை நாம் மறக்க முடியாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்யும் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் கடன்பட்டவர் ஆரம்பத்திலேயே வாய் திறந்து சொல்ல ஓர் இடமும் வேண்டும்.

என் வேண்டுகோள்

சில்லறைக் கடை நண்பர்களே, உங்கள் கடனின் முழுத்தொகை இன்று உங்கள் மனைவிக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுங்கள். மானம் போகும் என்று பயப்படாதீர்கள். தண்டல்காரர் வாசலில் வந்து சொல்வதைவிட நீங்கள் சொல்வது மரியாதை. வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு வாங்காதீர்கள்.

மொத்த வியாபாரிகளான நாமும் இலக்குக்காகச் சரக்கைத் திணிப்பதை நிறுத்த வேண்டும். வழக்கத்துக்கு மேல் ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டால், ஏற்றிவிடும் முன் உட்கார வைத்து விசாரிக்க வேண்டும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. கடனில் சிக்கிய உறுப்பினரையும், அவருக்குச் சரக்குக் கொடுத்த எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துத் தவணை பேசி முடிக்க, அனுபவமுள்ள மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வேண்டும். அங்கே பேசுவது வெளியே போகக் கூடாது. நான் மூன்று முறை போன் செய்து முடித்த காரியத்தை அந்தக் குழு ஒரே நாளில் முடித்துவிடும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். குழுவில் உட்கார ஆள் கிடைக்காவிட்டால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.