வறுமையைப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் கூனிக் குறுகிவிடுவார்களா?

 

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. பார்த்திருப்பீர்கள். "சார், ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு வறுமை, ஏற்றத்தாழ்வு எல்லாம் எதுக்கு? ஏற்கனவே கஷ்டப்படுற பிள்ளைங்க. தாழ்வு மனப்பான்மைதான் வரும். தன்னம்பிக்கை கதை சொன்னா போதும்" என்று ஒருவர் எழுதினார். நிறைய பேர் கைதட்டியிருந்தீர்கள். குழுவில் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து நேர் எதிரானது. தாழ்வு மனப்பான்மை பாடம் நடத்துவதால் வருவதில்லை, நடத்தாமல் விடுவதால்தான் வருகிறது. நம் மணலி புதுநகர் பிள்ளைக்குத் தன் வீட்டு நிலைமை தெரியாதா? வாடகை தேதி தெரியும், அம்மா எந்த நகையை எந்த அடகுக் கடையில் வைத்திருக்கிறாள் என்பதும் தெரியும். ஏன் இப்படி என்பதுதான் தெரியாது. அதை நாம் சொல்லாவிட்டால், "அப்பாவுக்குத் திறமை இல்லை, நமக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று அதுவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். உழைத்தால் முன்னேறலாம் என்ற கதையை மட்டும் கேட்ட பிள்ளை, முன்னேறாத தன் அப்பா உழைக்கவில்லை என்றுதானே முடிவுக்கு வரும்? விடியற்காலை ஷிப்டுக்குப் போய் இரவில் திரும்பும் மனிதரைப் பற்றி அவர் பிள்ளையே அப்படி நினைப்பதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

ஆனால் எப்படி நடத்துவது என்பதில் கவனம் வேண்டும். "உங்க வீட்டு வருமானம் எவ்வளவு, எழுந்து சொல்" என்று கேட்பது பாடம் ஆகாது, அது அவமானம். "ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்று வகுப்பில் சொல்வதும் அப்படித்தான். நான் எப்போதும் போர்டில் ஒரு கற்பனைக் குடும்பத்தை எழுதிவிடுவேன். கேள்வி எல்லாம் அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான்.

2014 வாக்கில் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். டெண்டுல்கர் குழு முறைப்படி 2011-12இல் நகரத்தில் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது வறுமைக் கோடு. நாளுக்கு 33 ரூபாய். ரங்கராஜன் குழு அதை 1,407 ஆக்கியது. நாளுக்கு 47 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்கு 4,000 ரூபாயில் பட்ஜெட் போடுங்கள் என்றேன். வாடகை, கேஸ், பஸ், நோட்டு என்று எழுதிக்கொண்டே வந்தவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினால் ஏழைகளின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் கூடும், இறக்கினால் குறையும். அந்தக் கோட்டை யாரோ உட்கார்ந்துதான் போடுகிறார்கள் என்று புரிந்துகொள்வதே பெரிய பாடம்.

இன்று நான் வகுப்பில் இருந்தால் இன்னொன்றையும் நடத்துவேன். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 2015-16இல் 4.76 சதவீதம், 2019-21இல் 2.20 சதவீதம். இந்திய அளவில் 14.96. நாம் பெருமைப்பட வேண்டிய கணக்குதான். அதற்குப் பார்ப்பது ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வங்கிக் கணக்கு என்று மொத்தம் 12 விஷயங்கள். சரி, நம் ஊருக்கு 13வதாக எதைச் சேர்ப்பீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். காற்று என்பார்கள். வெள்ளம் என்பார்கள். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமாக மாசுபட்டவை என்று பட்டியலிட்ட 43 தொழில் பகுதிகளில் மணலியும் ஒன்று. கேஸ் அடுப்பும் கழிப்பறையும் இருக்கிற வீடு குறியீட்டின் அந்த இரண்டு கட்டத்திலும் ஏழை வீடு இல்லை. ஜன்னலைத் திறக்க முடியாதது எந்தக் கட்டத்திலும் வராது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு நிவாரணம் 6,000 ரூபாய். போர்டில் இரண்டு குடும்பம். ஒரு அப்பா கம்பெனியில் பெர்மனென்ட், வெள்ளத்தில் வேலைக்குப் போகாவிட்டாலும் சம்பளம் வரும். இன்னொருவர் அதே கேட்டுக்குள் கான்ட்ராக்டில் போகிறவர், பத்து நாள் வேலை இல்லை என்றால் பத்து நாள் கூலி இல்லை. எண்ணூர் பக்கம் மூன்றாவது குடும்பம் ஒன்றையும் எழுதலாம். வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்து, வலையும் படகும் கறுத்து, தண்ணீர் வடிந்த பிறகும் தொழிலுக்குப் போக முடியாத மீனவர் குடும்பம். புயல் ஒன்றுதான், மூன்று வீட்டு நஷ்டமும் ஒன்றா? ஏற்றத்தாழ்வு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த கைடிலும் இல்லை.

இப்போதைய பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் உணவுப் பாதுகாப்பு, வரிகள், தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள் என்று எல்லாமே பாடமாக இருக்கிறது. ஜன்னல் வழியே ரிஃபைனரி புகைபோக்கி தெரிகிற வகுப்பறையில் உட்கார்ந்து அதை ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் படிப்பதுதான் எனக்கு வருத்தம்.

கடைசியாக, "இலவசம் கொடுத்து சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று ஃபார்வர்டு அனுப்பும் என் செல்வங்களுக்கு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. காமராஜர் 1956இல் அதை மாநிலத்துக்குக் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. அதே ஆண்டு, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி போக மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் நம் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது. அந்த 2.20க்குள் இந்தத் தட்டுகளும் இருக்கின்றன. உங்களில் எத்தனை பேர் அந்தச் சாப்பாட்டு வரிசையில் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அதை மறந்துவிட்டு, இன்று வரிசையில் நிற்கிற பிள்ளையைக் கேலி செய்வதில்தான் வெட்கப்பட வேண்டியது இருக்கிறது.

உழைக்காதே என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. உழைப்போடு கூடவே மின்சாரம், பஸ், பள்ளி, சோறு, ஒரு நல்ல கான்ட்ராக்ட் சட்டம் எல்லாம் தேவை என்று தெரிந்து உழைக்கிற பிள்ளை, தோற்றால் உடைந்துபோகாது. ஜெயித்தால் மற்றவரை இளக்காரமாகப் பார்க்காது.

உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்கள் அந்த 13வது கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கமென்டில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதுங்கள், வகுப்பில் சண்டை போட்டது போலவே போடலாம்.