பெயரை விடுங்கள், கப்பலைத் தேடுங்கள்

மாலுமியாய்ப் போய் அயல்நாட்டிலேயே தங்கிவிட்ட முன்னோரைத் தேடும் நண்பர்கள், அவர் பெயரையே துருவிக்கொண்டிருக்கிறார்கள். வீண் வேலை! முத்துசாமியை வெள்ளைக்கார எழுத்தர் தம் காதில் விழுந்தபடியல்லவா எழுதியிருப்பார்? பிரிட்டிஷ் கப்பலுக்கோ பெயர் மாறினாலும் பதிவெண் மாறாது. மாலுமிப் பட்டியல்கள் அந்த எண் வரிசையில்தான் அடுக்கப்பட்டுள்ளன. 1863 முதல் 1938 வரையிலானவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் இருப்பது இலண்டனில் அன்று. கானடாவின் நியூபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தில்! இந்திய மாலுமிகளுக்குத் தனி ஒப்பந்தம் எழுதினார்கள். ஆகையால் வெள்ளையர் பட்டியலோடு நின்றுவிடலாகாது. ‘கப்பலை விட்டு ஓடினான்’ என்ற குறிப்பு அகப்பட்டால் வெட்கப்படவும் வேண்டாம். உங்கள் குடும்பம் அக்கரையில் வேரூன்றிய தேதி அதுவாகவே இருக்கலாம். கப்பலின் பெயரைச் சொல்லக்கூடிய பாட்டிமார் ஊரில் இன்னும் எத்தனை பேர்? இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.