யாருக்குக் கழிவு?

விறகைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். முகாமில் ஒரு மாரியேனும் அடுப்பெரித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சிக்குப் புறப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வளவில் ஏழு குடும்பங்கள் ஒதுங்கினோம். முதற் கிழமை வளவுக்காரர் தாமாகவே காவோலையும் கங்குமட்டையும் இழுத்துவந்து தந்தார். மூன்றாம் கிழமை, பன்னாடை பொறுக்கப் போன என் தாயாரை அதே மனிதர் ஏசினார். அவர் கெட்டவர் அல்லர். தம் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் போதுமாயிருந்ததை நாங்கள் மூன்று கிழமையில் எரித்துவிட்டதை அவர் கண்டார். அவருக்குக் கழிவாகக் கிடந்தது எங்களுக்கு உலையாயிற்று. பிறகு அவருக்கும் இல்லாமற் போயிற்று.

இந்தக் கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 'கழிவு மரம்' என்ற சொல் எங்கள் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கும் மின்சாரம் எடுக்கவும் விறகு தேவைப்படுகிறது. 2005 இல் அரசாங்கம் சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. நான் இதற்கு எதிரி அல்லன். வெட்டிய இடத்தில் மீண்டும் தளிர்க்கும் எரிபொருள் வேறு எது? எண்ணெய் கப்பலில் வரவேண்டும். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை, தோட்டத்துக்கு மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீர் இறைத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிவாயுச் சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த ஆண்டில், பட்டணத்து வீடுகளிலும் புகை எழுந்தது.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் அலகு மின்சாரம் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் உலர்ந்த விறகு வேண்டும். 10 மெகாவாற் நிலையமொன்று முழு வலுவில் ஓடினால் மணித்தியாலத்துக்குப் பத்துத் தொன்னுக்கு மேல், ஒரு நாளைக்கு 240 தொன்னுக்கு மேல் விழுங்கும். இவ்வளவும் உண்மையான கழிவிலிருந்து வருமா? மரக்காலையின் மரத்தூளும் அரிசி ஆலையின் உமியும் எங்கோ ஓரளவுக்குத்தான் குவியும். அதற்கப்பால் வாங்குபவரின் கண் வேலிக்குத்தான் வரும்.

மீள்குடியேறிய கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில் விறகு வாங்க வந்த இளைஞர், "உங்கடை வேலியிலை வீணாய்ப் போறதைத்தானே கேக்கிறம்" என்றார். பின்வரிசையிலிருந்த ஓர் ஆச்சி எழுந்து, "அதை நீர் ஏத்திக்கொண்டு போனால் நான் புட்டு எதிலை அவிக்கிறது, தம்பி?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. வேலித்தடி போய்விட்டால் பெண்கள் காட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே யானை நிற்கும். சில இடங்களில் மிதிவெடிப் பலகைகள் இன்னும் அகற்றப்படவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: முதலில் எங்கள் அடுப்பு, பிறகு எங்கள் மண், மிஞ்சினால் விற்பனை. விற்பதானாலும் தனித்தனியே லொறிக்காரனிடம் பேரம் பேசாமல் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, நிறுத்து, எழுதி விற்கவேண்டும்.

அடுப்பில் நாம் வீணாக்குவதும் குறைவல்ல. அன்று வெட்டிய பச்சைத்தடியின் பாரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை எரிப்பவர் முதலில் தண்ணீரைக் காய்ச்சுகிறார், பிறகுதான் சோற்றை. கண்ணெரிவும் பிள்ளைகளின் இருமலும் அதிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. தடியைப் பிளந்து, நிலத்தில் முட்டாமல் இரண்டு கல்லின் மேல் அடுக்கி, மேலே ஒரு தகரம் போட்டுச் சில மாதம் காயவிடுங்கள். 1980களில் இந்நாட்டில் பரவத் தொடங்கிய 'அனகி' அடுப்பு பலருக்குத் தெரிந்திருக்கும். விலைமதிப்பற்றது என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். இரண்டு பானை வைக்கும் மண்ணடுப்பு. சுற்றிக் களிமண் பூசி வைத்தால், மூன்று கல் அடுப்பைவிட மூன்றிலொரு பங்களவு விறகு மிச்சம். மரக்காலை அருகிலிருந்தால் பழைய தகரத்தில் மரத்தூளை இறுக்கி, நடுவில் போத்தலால் துவாரம் விட்டு எரிக்கலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் இதைச் செய்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பழகுங்கள். தார் எண்ணெய் பூசிய பழைய சிலிப்பர் கட்டையையும் வர்ணம் பூசிய பலகையையும் மட்டும் அடுப்பில் வைக்கவேண்டாம். அந்தப் புகை நஞ்சு.

இனி வேலி. நான்கு பரப்புக் காணியின் சுற்றளவு ஏறக்குறைய 420 அடி. ஒன்றரை அடிக்கு ஒரு சீமைக்கிளுவை நட்டால் 280 கதியால். வருடத் தேவை முழுவதும் அதிலிருந்து வரும் என்று சொல்லமாட்டேன். பனங்காணியில் விழும் மட்டையும் ஊமலும், தென்னையின் பொச்சும் சிரட்டையும் சேர்ந்தால் காட்டுக்குப் போகும் நாட்கள் குறையும். குழையை விற்காதீர்கள். காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும் மரம் இது; எங்கள் பாட்டன்மார் குழை தாட்ட பழக்கம் வீணானதல்ல. ஆட்டுக்கும் போடலாம். (கிளிரிசிடியா என்ற அதன் இலத்தீன் பெயருக்கு எலிக்கொல்லி என்று பொருள். குருமடத்தில் படித்த இலத்தீன் எனக்குத் தோட்டத்தில் உதவியது இந்த ஓரிடத்தில்தான்.)

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பமுடியாமல் பிறர் வளவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நட்ட மரம் யாருக்கு? தடி முற்றும் வேளையில் காணிக்காரர் வந்து கேட்டால், பழைய விறகுச் சண்டைதான். நடுவதற்கு முன்பே பேசுங்கள்: வேலி காணிக்காரருக்கு, இருக்கும் வரை வெட்டும் தடி நட்டவருக்கு. கிராம சேவையாளரையோ சங்கத் தலைவரையோ சாட்சியாக வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்குத் தெரிந்த சில இடங்களில் இப்படி எழுதியபின் காணிக்காரரே கதியால் வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

மாரி மழை தொடங்குமுன் தடிகளைத் தேடிக்கொள்ளுங்கள். பச்சைநிறம் மாறிக் கபிலநிறமான, கட்டைவிரலிலும் மொத்தமான முற்றிய தடியே வேர்விடும். அடியைச் சரிவாக வெட்டி நடுங்கள். முதல் ஒரு வருடம் அதில் கத்தி வைக்காதீர்கள்.