கையில்தான் கட்ட வேண்டுமா?



சென்ற இதழில் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு பற்றிய பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். நுழைவுச் சீட்டாகவும் விடுதி அறைச் சாவியாகவும் உதவும் மேஜிக் பேண்ட் என்ற கைப்பட்டையை விவரித்தவர், அதை எப்படிக் கட்டிக்கொள்வது என்று சொல்லவில்லை. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ பகுதியின் கோடை நம் கடலோரப் புழுக்கம் போன்றதுதான். இறுக்கிக் கட்டினால் பட்டைக்கு அடியில் வியர்வை தேங்கி அரிக்கும். ஒரு விரல் நுழையும்படி தளர்த்துங்கள். தண்ணீரில் நனைந்தால் கழற்றித் துடைத்து மறு கைக்கு மாற்றுங்கள். வளையல் போட்ட கையில் வேண்டாம், உரசிக்கொண்டே இருக்கும்.

என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. மணிக்கட்டில் கடிகாரம்கூடப் பொறுக்காது. 2016இல் வந்த இரண்டாம் வகைப் பட்டையின் நடுவிலுள்ள வில்லையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கழற்றலாம். வேலை செய்யும் சிப் அதற்குள்தான் இருக்கிறது. அதை ஓர் உறையில் போட்டு, அலுவலக அடையாள அட்டை போல அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டோம். மிக்கி உருவம் பொறித்த கருவியில் வில்லையைத் தொட்டுக் காட்டினால் போதும். நாள் முழுக்க அம்மா கையைச் சொறியவே இல்லை!

குழந்தைகளுக்கு இந்த இரண்டாம் வகைப் பட்டையின் சாம்பல் நிற ஓரத்தைப் பிய்த்துவிட்டால் அளவு சிறுக்கும். பிய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, முதலில் கையில் வைத்துப் பாருங்கள்.

– ஒரு வாசகி, மதுரை