பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மதினிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்ததுதான். "பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நானேதான். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுத்தவள்! கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஊருக்குச் சொன்னோம்.

அப்படியும் விஷயம் கசிந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த ஒருவர் தேம்பி அழ, மதினிதான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. இன்னொருவர் தன் பெரியம்மா இதே நோயில் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று விவரமாகச் சொன்னார். எல்லோரும் "தைரியமா இருங்க" என்றார்கள். மதினியும் எல்லோருக்கும் "நல்லா இருக்கேன்" என்றார். ராத்திரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

ரேடியேஷனுக்குக் காத்திருந்த ஒரு நாள், பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா வந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷம் முன்பு ஆபரேஷன் ஆனவர், செக்கப்புக்கு வந்திருந்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அதுவரை எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பஞ்சோடு கொஞ்சம் கடுகும் வைத்துத் தைத்த துணிப்பையை உள்ளே வைத்துக்கொண்டால் கனம் சரியாக இருக்கும், ஜாக்கெட் ஒரு பக்கம் இழுக்காது என்றார். சுவரில் விரலால் ஏறி ஏறிக் கையைத் தூக்கும் பயிற்சியை அங்கேயே எழுந்து நின்று செய்து காட்டினார். "ஆறு மாசம் நானும் கண்ணாடி பாக்கலக்கா" என்றார். பல வாரம் கழித்து மதினி சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் மூன்று முறை நடத்திப் புரியாத கணக்கு, பக்கத்து பெஞ்சுப் பிள்ளை ஒரு தடவை சொன்னால் புரிந்துவிடும். உங்களுக்கே நினைவிருக்கும்.

அமெரிக்காவில் தெரேஸ் லாசர் என்ற பெண்மணி 1952-ல் மார்பகத்தை அகற்றும் ஆபரேஷன் செய்துகொண்டபின், தன்னைப் போன்றவர்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கைப்பயிற்சிக்கு ஒரு சின்னப் பந்தும் கயிறும் கொண்டுபோவார். சில டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அது பல நாடுகளுக்குப் பரவியது. இப்படிக் கூடிப் பேசினால் ஆயுள் கூடும் என்று 1989-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2001-ல் கனடாவில் பெரிதாகச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்தன. அது போதாதா?

ஒரு எச்சரிக்கை. கீமோவை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் குடி என்று சொல்பவர், அதே நோயைக் கண்டவராகவே இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, "எதுக்கு உயிரோட இருக்கணும்" என்கிற பேச்சு வருகிறது என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416-க்கு போன் பண்ணினால் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும், காசு கிடையாது.

என்னிடம் படித்த பெண்பிள்ளைகளில் இதைக் கடந்து வந்தவர்கள் உண்டு. இன்னொருத்தியிடம் போனில் பேசச் சம்மதமென்றால் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். கமெண்டில் வேண்டாம். முதல் ஆளாக மதினி பெயர் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பேசலாமாம், அதற்கு முன்னால் சீரியல் இருக்கிறதாம்.