மாவு பிள்ளைகளுக்கு, நெருப்பு பெரியவர்களுக்கு

பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே பீட்சா செய்யலாம் என்று தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகின்றன. பீட்சா ரொட்டி கடையில் வாங்கியது. சாஸ் பாட்டிலில் வந்தது. சீஸும் துருவியே கிடைக்கிறது. பிள்ளைக்கு மிச்சம் இருப்பது குடைமிளகாயையும் சோளத்தையும் மேலே தூவுகிற வேலை மட்டும். ஐந்து நிமிடத்தில் அதை முடித்துவிட்டுக் கைபேசிக்குத் திரும்பிவிடுகிறது. “ஆசையாகக் கூப்பிட்டோம், ஆர்வமே இல்லை” என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பீட்சாவில் கைவேலை என்று இருப்பது ஏறக்குறைய முழுவதும் மாவில்தான். அதைக் கடைக்காரர் முடித்துக் கொடுத்த பிறகு, பிள்ளை எதில் ஆர்வம் காட்டும்?

2017இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கைவேலையைத்தான். நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக்காரர்கள் மாவைத் தயாரித்து, கையால் விரித்து, விறகு அடுப்பில் சுடுகிற கலைக்குக் கிடைத்த மதிப்பு அது. மேலே என்ன போடுகிறோம் என்பது அங்கே இரண்டாம்பட்சம். ஆகவே, பிள்ளைகளைக் கூப்பிடுவதாக இருந்தால் மாவிலிருந்தே கூப்பிடுவோம்.

நான்கு பேருக்கு அரைக் கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். நேப்பிள்ஸ் மரபில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் கிடையாது. நாம் எண்ணெய் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டு அடுப்பில் வேக நேரமாகும். அதற்குள் ரொட்டி வறண்டு போகாமல் எண்ணெய் காக்கும். அளப்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, மாவின் எடையில் 60 விழுக்காடு தண்ணீர் என்று மட்டும் சொன்னால் போதும், மீதிக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும்.

ஈஸ்ட் உயிருள்ளது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னதும் பிள்ளைகள் பொட்டலத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். அது ஒரே செல்லால் ஆன பூஞ்சை. மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு மாவுக்குள் சிக்கிக்கொள்வதால் மாவு உப்புகிறது. நம் வீட்டு இட்லி மாவும் வாயுவால்தான் பொங்குகிறது. ஆனால் அங்கே பெரும்பாலான வேலையைச் செய்பவை அரிசியோடும் உளுந்தோடும் வந்த பாக்டீரியாக்கள். அவை புளிப்பையும் உண்டாக்குவதால் இட்லி மாவு புளிக்கிறது. ஈஸ்ட் முக்கியமாக வாயுவையும் கொஞ்சம் சாராயத்தையும் உண்டாக்குவதால், பீட்சா மாவு ஒரு மணி நேரத்தில் உப்புமே தவிர புளிக்காது. இரண்டு மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னால் வித்தியாசம் பிள்ளைக்குத் தானே தெரிந்துவிடும்.

தண்ணீர் விரலுக்கு இளஞ்சூடாகப் பட்டால் போதும். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். மே மாதச் சென்னையில் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கவே வேண்டாம். ஈஸ்ட் பழையதோ என்று சந்தேகம் இருந்தால், சிட்டிகை சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான நீரில் கலக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் உயிரோடு இருக்கிறது. சர்க்கரை இந்தச் சோதனைக்குத்தான். மாவு உப்புவதற்கு அது தேவையில்லை. ஈஸ்டுக்குப் பதிலாக ஆப்ப சோடாவும் தயிரும் சேர்த்துச் செய்கிற முறையும் இருக்கிறது. அவசரத்துக்கு உதவும், ஆனால் காத்திருந்து பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது பிசைவது. இதை அரிசி மாவில் செய்ய முடியாதா என்று ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி. கோதுமையில் உள்ள இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீரோடு சேரும்போது குளூட்டன் என்ற வலை உண்டாகிறது. வாயுவைப் பிடித்துவைப்பது அந்த வலைதான். அரிசியில் அது கிடையாது. பரோட்டா மாஸ்டர் வீசி அடிக்கும்போது மாவு கிழியாமல் மெல்லிய துணியாக விரிவதும் இதே குளூட்டனால். பத்து நிமிடம் பிசைந்ததும், ஒரு சிறு துண்டைக் கிள்ளி இரு கையாலும் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரிந்தால் பிசைந்தது போதும்.

பிள்ளைகளின் கையில் அவ்வளவு வலு இருக்காதே என்று கவலைப்பட வேண்டாம். வலு செய்கிற வேலையை நேரமும் செய்யும். தண்ணீர் சேர்ந்த மாவு சும்மா இருந்தாலும் அதன் வலை தானாகவே ஓரளவு உருவாகும். ஐந்து நிமிடம் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வைத்து, மறுபடி இரண்டு நிமிடம் பிசையட்டும். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பதில் கண்ணாடி ஜாடியில் வைத்து, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டால் அது ஏறுவதைப் பிள்ளைகளே கண்காணிப்பார்கள். இரட்டிப்பாக, நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரம் ஆகலாம். ஊட்டியில் இரண்டு மணி நேரம்கூட ஆகும்.

பொங்கிய மாவை நான்கு உருண்டையாக்கி விரிக்கும்போதுதான் சிக்கல் வரும். பிள்ளை இழுக்க, மாவு சுருங்கிப் பழைய இடத்துக்கே வரும். உடனே பெரியவர்கள் வாங்கிச் செய்யப் பார்ப்பார்கள். அதற்கு அவசியமே இல்லை. உருட்டும்போது வலை இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டால் தளர்ந்து, சொன்னபடி கேட்கும். நேப்பிள்ஸில் பூரிக்கட்டைக்கு இடமே இல்லை. உருட்டினால் ஓரத்தில் இருக்கிற வாயு வெளியேறி விளிம்பு தட்டையாகிவிடும். ஆனாலும் நான்கு வயதுப் பிள்ளை கட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கொடுத்துவிடுங்கள். 1984இல் தொடங்கிய நேப்பிள்ஸ் பீட்சா சங்கத்திலிருந்து யாரும் வந்து சோதனை போடப்போவதில்லை. வட்டமாக வராவிட்டாலும் குறையில்லை.

‘எவ்வளவு செய்தாலும் கடைப் பீட்சா போல வரவில்லையே’ என்பது பலருடைய மனக்குறை. கைப்பக்குவத்தைவிட வெப்பம்தான் இதற்கு முதல் காரணம். நேப்பிள்ஸ் விறகு அடுப்பின் சூடு சுமார் 485 டிகிரி. பீட்சா அதில் 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிடுகிறது. நம் வீட்டு ஓடிஜி ஓவன் 230, மிஞ்சினால் 250 டிகிரி. வேக பத்திலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும். இந்த இடைவெளியை முழுதாக நிரப்ப முடியாது, குறைக்கலாம். தட்டைக் கவிழ்த்து உள்ளே வைத்து, உச்சச் சூட்டில் அரை மணி நேரம் காயவிட்டு, அந்தச் சுடுதட்டின் மேல் பீட்சாவை இறக்க வேண்டும். சாதாரண மைக்ரோவேவில் வைத்தால் ரொட்டி சிவக்காது, தோலாகிவிடும். கன்வெக்‌ஷன் வசதி உள்ளதாக இருந்தால் மட்டுமே முயலுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில் இரும்புத் தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும். கல் காய்ந்ததும், எண்ணெய் விடாமல் விரித்த மாவைப் போட்டு, மேலே குமிழி வந்ததும் திருப்பிவிடுங்கள். வெந்த பக்கத்தில் சாஸும் சீஸும் போட்டு, மூடி வைத்து, தணலைக் குறைத்து ஐந்து நிமிடம். அடிப்பக்கம் ஓடிஜியில் வருவதைவிட மொறுமொறுப்பாக வரும். கல்லுக்கு ஏற்றபடி உருண்டையை மட்டும் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். நான்ஸ்டிக் தவாவை இப்படி வெறுமனே காயவிடக் கூடாது.

மேலே போடுவதில் கவனிக்க வேண்டியது ஈரம். தக்காளியும் வெங்காயமும் காளானும் வேகும்போது தண்ணீர் விடும். நடு ரொட்டி சொதசொதத்துப் போவது அதனால்தான். தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, மசித்து, பூண்டும் உப்பும் சேர்த்துக் கெட்டியாகச் சுண்டவைத்துவிடுங்கள். பிறகு எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பிள்ளைகள் அள்ளிப் போடுவார்கள். ஒரு பீட்சாவில் அள்ளிப் போடட்டும், அடுத்ததில் குறைவாகப் போடட்டும். தின்று பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

மோசரெல்லா நூலாக இழுபடுகிறது, பனீர் மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது? பனீர் புளிப்பால் திரிந்த பால். சூடேறினால் உருகாது, தண்ணீரை விட்டு இறுகும். மோசரெல்லாவை நொதியால் உறையவைத்து, பிறகு வெந்நீரில் இழுத்து இழுத்துப் பதப்படுத்துகிறார்கள். அந்த இழுவைதான் மறுபடி சூடு பட்டதும் திரும்பி வருகிறது. பனீர் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள், சீஸுக்குப் பதிலாக மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மைதாவைப் பற்றிய பயத்தையும் இங்கே பேசிவிடலாம். எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்க ஆய்வகத்தில் பயன்படுத்துகிற அலோக்சானை ஆலையில் மைதாவோடு கலக்கிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அது மைதாவில் சேர்க்கப்படும் பொருள் அல்ல. தவிடு நீங்கிவிட்டதால் நார்ச்சத்து குறைவு என்பதுதான் மைதாவின் உண்மையான குறை. அதனால் இது தினமும் சாப்பிடுகிற உணவாக முடியாது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்துச் செய்யலாம். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், உப்புவதும் சற்றுக் குறையும், ருசி குறையாது.

பச்சை மாவை நக்கிப் பார்க்க மட்டும் விடக் கூடாது. மாவு வேகவைக்காத பொருள், கிருமி இருக்கலாம். 2016இல் அமெரிக்காவில் மாவிலிருந்த ஈ.கோலையால் பலர் நோயுற்று, பெருமளவு மாவைத் திரும்பப் பெற நேர்ந்தது. அடுப்பில் வைப்பதும் எடுப்பதும் பெரியவர் வேலை. அதில் பேரமே கூடாது. சீஸ் துருவுவதை ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். கடைசித் துண்டை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், விரல் போய்விடும். மிளகாய்த் தூளைத் தொட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

மாவு மீந்தால் எண்ணெய் தடவிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்திருக்கலாம். குளிரிலும் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் மணம் கூடி, மறுநாள் மாவு முதல் நாளைவிட நன்றாக இருக்கும். டப்பாவில் பாதி இடம் காலியாக விட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள். வாயு முட்டித் திறந்துவிடும். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்துவிடுங்கள். குளிர்ந்த மாவு அவர்கள் கைக்கு விரியாது.