விளையாட்டல்ல, ஆட்குறைப்பு!

தென்கொரியத் தொலைக்காட்சித் தொடர் ‘ஸ்குவிட் கேம்’ (2021) உலகப் புகழ் பெற்றது. கடனில் மூழ்கிய 456 பேர் பணத்துக்காக ஆடுகிறார்கள், தோற்றவனுக்குச் சாவு. நாமும் பார்த்தோம், நல்ல தொடர்தான். ஆனால் புகழ்பாடும் கனவான்கள் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆலையைப் பற்றி மூச்சுவிடுவதில்லை!

கதாநாயகன் யார்? மோட்டார் ஆலையிலிருந்து விரட்டப்பட்டவன்; வேலைநிறுத்தத்தில் கண்ணெதிரே தோழனைப் பறிகொடுத்தவன். இது வெறும் கற்பனையா? 2009-ல் சாங்யோங் மோட்டார் தொழிலாளர்கள் ஆட்குறைப்பை எதிர்த்து 77 நாள் ஆலைக்குள்ளேயே போராடினார்கள். போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை பொழிந்தது. அதை மனதில் வைத்தே இந்தப் பாத்திரத்தைப் படைத்ததாக இயக்குநரே கூறியிருக்கிறார்.

நெட்பிளிக்ஸ் முதலாளிகள் செய்ததென்ன? 2023-ல் 456 பேரைத் திரட்டி, சாவை மட்டும் நீக்கிவிட்டு, அதே ஆட்டத்தை நிஜப் பந்தயமாக்கிக் காசு பார்த்தார்கள்! முதலாளித்துவம் தன் மீதான குற்றப்பத்திரிகையையும் சரக்காக்கி விற்கும்.

தோழர்களே! தொடரைப் பாருங்கள். ஆனால் ஒருவனை ஒருவன் வீழ்த்தும் அந்த ஆட்டத்தையல்ல, 77 நாள் ஒன்றாய் நின்ற அந்த ஆலையை நெஞ்சில் நிறுத்துங்கள்!